வாறேன் என்றவனும் வருகிறான் என்றவர்களும்

“கால்பந்து சங்கத்துல வேலை பாத்திருக்கீங்க, பெரிய பெரிய ஆட்டக்காரங்களை எல்லாம் பக்கத்துலயே பாத்திருப்பீங்க, சுவையா நாலு சம்பவம் எழுதுங்க அங்கிள்” என்று நம் மன்றத்து மலர்க் குழுவினர் கேட்டார்கள். சுவையாவது ஒன்றாவது. அந்த உத்தியோகத்தில் எனக்கு மிஞ்சியது ரத்த அழுத்தமும் கரியாஹாட் மீன்காரனோடு தீராத பகையும்தான். ஆட்டக்காரர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள் என்று போன மாதம் கேள்விப்பட்டேன். அப்பாடா என்று இருந்தது. அந்தக் கையெழுத்துக் காலத்தைப் பற்றி ஒரு தரம் எழுதித் தொலைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கல்கத்தாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே லீக் ஆட்டங்கள் முடிந்து அடுத்த வருஷ ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவார்கள். வங்காளிகள் அதைத் ‘தல்பதல்’ என்பார்கள். கட்சி மாறுவது என்று அர்த்தம். நம் ஊரில் எம்.எல்.ஏ.க்கள் செய்கிற காரியத்தை இங்கே பந்தாட்டக்காரர்கள் செய்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய கிளப்புகள் இரண்டு. பெயர் எழுதினால் இந்த வயதில் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி மிஞ்சாது. அதனால் ஒன்றைச் சங்கு என்றும் மற்றதைப் படகு என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் நடக்கும் மாதங்களில் ஊர் ஓரளவு அமைதியாகத்தான் இருக்கும். ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் பைத்தியம் முற்றும். யார் எங்கே போவான், அவன் போனால் அவன் இடத்தில் யார், அந்த யாரை விட்டுக்கொடுக்க அவனுடைய கிளப் சம்மதிக்குமா என்று டிராமில், பேங்க் வரிசையில், சாவு வீட்டில்கூடப் பேசுவார்கள். எனக்கு வீடு டாக்குரியாவில். மாடியில் குடியிருந்த கோகன்தா (இங்கே ‘தா’, ‘தாதா’ என்றால் அண்ணன்) படகுக் கட்சி. நான் துணி காயப்போடப் போனால்கூடப் பின்னாலேயே வந்து, “சேதுதா, ஒரு பேர் மட்டும் சொல்லுங்க, என் குழந்தை மேல சத்தியமா வெளியே சொல்ல மாட்டேன்” என்பார். மீன்காரன் நிமாய் சங்குக் கட்சி. நான் வாயைத் திறக்கவில்லை என்றால் மீனின் செவுளைத் திறந்து காட்ட மாட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்றம் தெருக்கோடி வரை வரும். “ஏங்க, ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலைங்களேன், நல்ல மீனாவது குடுப்பான்” என்று என் மனைவி ஒரு நாள் சொன்னாள். அவளுக்கும் பைத்தியம் ஒட்டிக்கொண்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

நான் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து இங்கே ஒரு கம்பெனி குமாஸ்தாவாக வந்தவர். பந்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அதுதான் என் தகுதி என்று பதிவாளர் மித்ரா பாபு நினைத்தார். “நீ எந்தக் கட்சி?” என்று என்னைக் கேட்டார். “எந்தக் கட்சியும் இல்லை சார், எனக்கு ஆட்டமே பிடிக்காது” என்றேன். “நாளைக்கே வந்துவிடு” என்றார். பயிற்சி என்றால் அவ்வளவுதான். கொஞ்ச வருஷத்தில் கையெழுத்து மேஜையில் அவர் பக்கத்து நாற்காலி எனக்கு வந்துவிட்டது.

மித்ரா பாபு கையெழுத்து வாங்குகிற விதத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அந்த நாட்களில் ஆட்டக்காரனைக் கிளப்காரர்கள் கல்யாணப் பெண்ணைப் போல நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சிலரை நாலைந்து நாளாக எங்காவது ஒரு வீட்டில் மறைத்து வைத்திருந்துவிட்டுக் கொண்டுவருவதும் உண்டு. மித்ரா பாபு முதலில் கிளப்காரர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்வார். பையனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். அவன் குடித்து முடிக்கிற வரை பேச மாட்டார். பிறகு, “காலையில் என்ன சாப்பிட்டாய், எங்கே சாப்பிட்டாய்?” என்று கேட்பார். சொந்த இஷ்டத்தில் வந்தவன் உடனே சொல்லிவிடுவான். அடைத்து வைக்கப்பட்டவன் ஆட்டுக்கறி என்று சொல்வான், எந்தத் தெருவில் என்று அவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவனை அடுத்த நாள் தனியாக வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். மற்றவர்களிடம், “உன் இஷ்டப்படிதான் போடுகிறாயா?” என்று கேட்டுவிட்டுத் தன் சொந்தப் பேனாவைக் கொடுப்பார். கிளப்காரர்கள் கொடுத்தனுப்பும் தங்க மூடி போட்ட பேனாவால் அந்த மேஜையில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. வங்காளத்தில் அவ்வளவு நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த நிதானமே எனக்கு ஒரு நாள் ஆத்திரமூட்டப் போகிறது என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜஸ்டின் வந்தான். கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமத்துப் பையன். இடது பக்கம் ஓடுகிறவன். ஹவுராப் பக்கம் ஒரு சின்ன கிளப்புக்காக ஒரு வருஷம் ஆடினான். பெரிய கிளப் இரண்டையும் தோற்கடிக்கிற மாதிரி கோல் போட்டுவிட்டான். அதோடு அவன் நிம்மதி போயிற்று. ஏதோ ஒரு பதிவு வேலைக்காகச் சங்கத்துக்கு வந்தபோது நான் யாரிடமோ போனில் தமிழில் பேசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

“சார், நீங்க நம்ம பக்கமா?”

“திருநெல்வேலிப்பா.”

“அம்மாடி, எவ்வளவு நாளாச்சு சார் மனசிலாவுற மாதிரி ஒரு பேச்சுக் கேட்டு” என்று சொல்லி என் எதிரில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். என் மனைவி வைக்கும் புளிக்குழம்பை ஒரு கை பார்ப்பான். அவனுக்கு வங்காளம் வராது, இந்தி அரைகுறை, இங்கிலீஷ் நாலு வார்த்தை. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. படகு கிளப்பின் தலைவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய அதிகாரி. அங்கே விளையாட்டுக்காரர்களுக்கு என்று ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. படகில் பதிவாகிவிட்டால் அந்த வேலை ஜஸ்டினுக்கு. தேதிக்குள் பதிவாகவில்லை என்றால் வேறு ஆளுக்கு.

“சங்குல துட்டு கூடத் தாறாங்க சார். துட்டு ரெண்டு வருசம் வரும். முட்டு இப்பமே வலிக்கி. முட்டு போச்சுன்னா நான் என்னச் செய்ய? எங்க வீட்ல எல்லாருக்கும் கடல் தெரியும். நான் சின்னதுலயே பந்து பின்னால ஓடிட்டேன், எனக்குக் கடல் தெரியாது. எனக்கு அந்த வேலைதான் வேணும்” என்றான். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆட்டக்காரனை நான் அந்த மேஜையில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சங்கு கிளப்பின் கால்பந்துச் செயலாளர் தத்தா பாபு விடுகிற ஆள் இல்லை. ஜஸ்டினைக் கரியாஹாட்டில் உள்ள தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பெரியவர் கூப்பிட்டால் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று இவன் போனான். இலிசு மீனை முள்ளோடு வைத்துவிட்டு அவர் வங்காளமும் இங்கிலீஷும் கலந்து பேசித் தள்ளியிருக்கிறார். அடுத்த வருஷம் இவன் எப்படி ஓடவேண்டும், யார் பந்தைக் கொடுப்பார்கள் என்று உப்புக் கிண்ணத்தையும் எலுமிச்சம்பழத் துண்டையும் மேஜையில் நகர்த்திக் காட்டினாராம். இவன் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டு தலையாட்டியிருக்கிறான். சாப்பிட்டு முடித்து எழுந்து, கைகூப்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விடைபெற்றிருக்கிறான்.

“ஓகே சார். ஐ ஆம் கமிங்.”

போயிட்டு வாறேன் என்பதைத்தான் பாவி அப்படிச் சொல்லியிருக்கிறான். தத்தா பாபு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரசகுல்லா ஊட்டினாராம். எதற்கு இவ்வளவு பாசம் என்று புரியாமலேயே இவன் தின்றுவிட்டு டிராம் ஏறி வந்துவிட்டான்.

மறுநாள் காலை பேப்பரில் அவன் படத்தோடு கொட்டை எழுத்தில் ‘நான் வருகிறேன்’. நிமாய் எனக்கு அன்று பாப்தா மீனைக் காசு வாங்காமல் கொடுத்தான். கோகன்தா மாடியிலிருந்து இறங்கவே இல்லை. எங்கள் சங்கத்து வாசலில் மரத்தடியில் தினமும் கூடும் ரசிகர் கும்பல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆனது. இடது பக்கத்துக்கு ஜஸ்டின் வந்தால் பழைய ஆள் ஷிபுவை என்ன செய்வது என்று அவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஷிபுவை நடுவில் வைக்கலாம் என்று ஒருவன், ஷிபுவுக்கு வயதாகிவிட்டது தள்ளிவிடலாம் என்று ஒருவன், ஷிபுவைக் கொடுத்து அந்தப் பக்கத்து முரட்டு டிஃபெண்டரை வாங்கலாம் என்று ஒருவன். வாங்குவதற்கும் விற்பதற்கும் அவர்கள் வீட்டு ஆடு மாடு மாதிரி. ஜஸ்டின் அவர்களை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தான். ஒருவனுக்கும் அவன் முகம் தெரியவில்லை, அவ்வளவு மும்முரம்.

“சார், பேப்பர்ல என்னமோ போட்டிருக்காம்லா, என்ன சார் அது?”

நான் படித்துச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். “நான் வீட்டுக்குப் போறதுக்குல்லா சொன்னேன்!” என்றான். நானும் சிரித்தேன். இதில் என்ன வரப்போகிறது, கையெழுத்துப் போட்டால் தெரிந்துவிடும் என்றுதான் இருந்தேன்.

கையெழுத்து நாள் அன்று ஜஸ்டின் படகுக்காரர்களோடு வந்தான். மித்ரா பாபு தண்ணீர் கொடுத்தார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். “சேது சார் வீட்ல தோசை” என்றான். மித்ரா பாபு என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார். உன் இஷ்டமா என்றார். ஆமாம் என்றான். கையெழுத்தாயிற்று. மை காய்வதற்குள் கதவை இடித்துக்கொண்டு தத்தா பாபு உள்ளே வந்துவிட்டார். இவன் எனக்கு வாக்குக் கொடுத்தவன், இவனை நம்பி ஷிபுவை அனுப்பிவிட்டேன், வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு கிளப்பில் போட்ட கையெழுத்து செல்லாது என்று புகார் கொடுத்தார். புகார் என்று வந்துவிட்டால் பதிவு நிற்கும், விசாரணைக் குழு கூடவேண்டும். அதுதான் விதி. ஜஸ்டினின் வேலைக்கான கடைசித் தேதி அந்த வாரமே வந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று கௌரவப் பெரியவர்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் டாக்டர், ஒருவர் சணல் வியாபாரி. ஜஸ்டினை நிற்கவைத்து, நான் மொழிபெயர்க்க, வக்கீல் கேட்டார்: “ஐ ஆம் கமிங் என்று சொன்னாயா இல்லையா?”

“சொன்னேன் சார்” என்றான் அந்த அரிச்சந்திரன்.

தத்தா பாபு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் வாதாடக் கூடாது என்று தெரிந்தும் எழுந்துவிட்டேன். தமிழர்கள் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம், அது அபசகுனம், வருகிறேன் என்றுதான் சொல்வோம், எங்கள் வீட்டில் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள் என்றேன். “உங்க வீட்டிலயும் இதேதானே சார்? ‘ஆஸ்ச்சி’ன்னு சொல்லாம உங்கள்ல யாராவது வாசல் தாண்டியிருக்கீங்களா? ஆஸ்ச்சின்னா வரேன்தானே?”

டாக்டர் மெல்லத் தலையாட்டினார். தத்தா பாபு துள்ளி எழுந்தார். “அது வங்காளம்! இவன் சொன்னது இங்கிலீஷ்! இங்கிலீஷில் கமிங் என்றால் கமிங்தான்!”

“அதுவும் சரிதான்” என்றார் வக்கீல். அதற்குமேல் விசாரணை எங்கே நடந்தது? சணல் வியாபாரி, “அது இருக்கட்டும், இவன் படகுக்குப் போனால் சங்கின் இடது பக்கத்தில் யாரை வைப்பது?” என்று கேட்டார். வக்கீல் பஞ்சாப் பக்கத்துப் பையன் ஒருவன் பெயரைச் சொன்னார். டாக்டருக்கு அந்தப் பையனின் கணுக்கால் மேல் நம்பிக்கை இல்லை. ஷிபுவை அனுப்பியிருக்கவே கூடாது என்று மூன்று பேரும் சேர்ந்து தத்தா பாபுவைக் கோபித்துக்கொண்டார்கள். மரத்தடிக் கும்பலுக்கும் இவர்களுக்கும் இருந்த ஒரே வித்தியாசம் மின்விசிறிதான். நடுவில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். டீ வந்தது, அவனுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. என் டீயை அவனிடம் நகர்த்தினேன்.

கடைசியில் அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார்கள். தத்தா பாபு திருப்தியாகச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் திரும்பி நின்று, “ஆஸ்ச்சி, மித்ராதா” என்றார்.

“பாருங்க! கேளுங்க சார்! இப்ப அவர் என்ன சொன்னார்? வரேன்னு சொல்லிட்டுத்தானே போறார்?” என்று கத்தினேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். குழுவினரும் பின்னாலேயே ஆஸ்ச்சி ஆஸ்ச்சி என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்கள். மித்ரா பாபு மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“கேட்டேன் சேது. எனக்குப் புரிகிறது” என்றார்.

“புரிஞ்சா பதிவு பண்ணுங்க சார். வெள்ளிக்கிழமையோட அவன் வேலை போயிடும்.”

“புகார் நிலுவையில் இருக்கும்போது பதிவு செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. இன்றைக்கு இவனுக்காக வளைத்தால் நாளைக்குத் தத்தாவுக்காக வளைக்கச் சொல்வார்கள்” என்று சொல்லிப் பேனாவை மூடிப் பையில் செருகினார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை எடுத்து ஹூக்ளி ஆற்றில் எறிய வேண்டும் போல இருந்தது எனக்கு.

அடுத்த கூட்டம் கூடுவதற்குள் சங்குக்காரர்களுக்கு அந்தப் பஞ்சாப் பையன் கிடைத்துவிட்டான். ஜஸ்டின் வேண்டியிருக்கவில்லை. தத்தா பாபு தானாகவே வந்து பெருந்தன்மையோடு புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார். வேலை அதற்கு முன்பே வேறொரு கிளப்பின் கோல்கீப்பருக்குப் போயிருந்தது. ஜஸ்டின் அந்த வருஷம் படகுக்கு ஆடினான். பாதியிலேயே முழங்கால் போயிற்று. அதன் பிறகு மரத்தடியில் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. அடுத்த வருஷத்துக்கு வேறு பெயர்கள் வந்துவிட்டன.

அவன் ஊருக்குக் கிளம்பிய அன்று நான் ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனேன். என் மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

“அண்ணன் வள்ளத்துல ஏறணும் சார். இனிதான் கடல் படிக்கணும்.”

அந்த வயதில், அந்தக் காலோடு. அப்போது பிளாட்பாரத்தில் டீ விற்றுக்கொண்டு போனவன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “அரே, ஜஸ்டின்தா!” என்று கத்தினான். சங்குக் கட்சிக்காரன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, காசு வேண்டாம் என்று மண் கோப்பையில் டீயை ஊற்றிக் கொடுத்தான். அவன் அடுத்து என்ன கேட்டிருப்பான் என்று நான் சொல்லவே வேண்டாம்.

“அடுத்த வருஷம் எந்தக் கிளப் தாதா? எங்ககிட்ட வந்துடுங்க. அந்தப் பஞ்சாபி சுத்த வேஸ்ட்.”

வண்டி அசைந்தது. இத்தனை நாள் இந்த ஊரில் இருந்து ஜஸ்டின் கற்றுக்கொண்ட வங்காளத்தில் ஒரே வார்த்தை சொன்னான். நிதானமாக, யாருக்கும் தப்பாகப் புரியாதபடி சொன்னான்.

“ஜாச்சி.” போகிறேன்.

டீக்காரன் பதறிப்போனான். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு வண்டியோடு கூடவே ஓடினான். “சீ சீ, ஜாச்சின்னு சொல்லக் கூடாது தாதா! வாயால அப்படிச் சொல்லவே கூடாது! ஆஸ்ச்சின்னு சொல்லுங்க! ஆஸ்ச்சி!”

ஜஸ்டின் என்னைப் பார்த்தான். டீயைக் குடித்தான்.